18 மாசத்தில டாக்டரா? மிஷன் கல்வியில பிஎச்டி செய்ய நினைக்கிற ஒரு டீச்சருக்கு

அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர் ஒண்டில இருந்து ஒரு ஆசிரியை நாலு பக்கத்தில கடிதம் எழுதியிருக்கிறா. ஊரையும் ஸ்கூலையும் அப்பிடியே போட்டா ஆர் எண்டு ரெண்டு தெருவுக்கும் விளங்கிரும், அதால சிலதை எடுத்திட்டு சுருக்கமா சொல்றன்.

வயசு 37. அரச பாடசாலையில கிறிஸ்தவமும் தமிழும் படிப்பிக்கிறா. வந்தாறுமூலை கேம்பஸ்ல, அதுதான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில, மூணு வருஷப் பொதுப் பட்டம், மறுகா கொழும்பில ஒரு இறையியல் கல்லூரிக்கு சனி ஞாயிறுல இரவு பஸ்ஸேறிப் போய் எம்ஏ. அந்த எம்ஏயில ஆய்வேடு எழுதல்ல, அசைன்மன்ட்தான். கணவர் வங்கியில வேலை, எட்டு வயசில ஒரு மகள். கிறிஸ்தவ மிஷனும் இன்டர்கல்ச்சுரல் எஜுகேஷனும் சேர்ந்த ஒரு டாக்டர் பட்டம் செய்யணும் எண்டு பல வருஷ ஆசை. இதுக்குள்ள மாமா முறையான போதகர் ஒருத்தர், ஒரு அமெரிக்க யுனிவர்சிட்டி ஒன்லைன்ல 18 மாசத்தில 1,800 டொலருக்கு பட்டம் குடுக்குது, நானும் அதிலதான் எடுத்த எண்டு சொல்லியிருக்கிறார். இவவுக்கு மனசு ஒப்பல்ல. கிரேக்கமும் எபிரேயமும் தெரியாம செய்யலாமா, இங்கிலீஷ் காணுமா, இது மதம் மாத்துற படிப்பெண்டு ஸ்கூல்ல பிரச்சினை வருமா, முடிச்சா கேம்பஸ்ல லெக்சரரா போகலாமா, இவ்வளவும் கேட்டிட்டு கடைசியில "எனக்கு வயசு போயிட்டா சேர்?" எண்டும் கேட்டிருக்கிறா.

தங்கச்சி, வயசுக் கேள்விய முதல் முடிச்சிருவம். போகல்ல. இந்தத் துறையில 23 வயசில வாறவங்கள விட பத்துப் பதினஞ்சு வருஷம் களத்தில நிண்டு போட்டு வாறவங்களத்தான் கூட விரும்புறாங்க, சில படிப்புகளுக்கு வேற பண்பாட்டுக்குள்ள வேலை செய்த அனுபவம் இல்லாட்டி விண்ணப்பமே எடுக்க மாட்டாங்க. நீங்க பயப்பிடுற விஷயம் எல்லாம் சின்ன விஷயம், பயப்பிடாம ஒரு வரியில எழுதிட்டுப் போன விஷயம்தான் பெரிசு. அந்த "ஆய்வேடு எழுதல்ல" எண்ட வரியத்தான் சொல்றன். அதுக்குப் பிறகு வாறன்.

முதல்ல, இது என்ன படிப்பு

ஒரே பட்டம் எண்டு நினைச்சிருக்கிறீங்க, அப்பிடி இல்ல. டிமிஸ் (டாக்டர் ஒஃப் மிஸியோலஜி) எண்டு ஒண்டு இருக்கு, அது ஊழியத்தில இருக்கிறவங்க தங்கட வேலையையே ஆராய்ஞ்சு திருத்துறதுக்கான தொழில்சார் டாக்டர் பட்டம். பிஎச்டி எண்டா புது அறிவ உண்டாக்கணும், மற்ற ஆய்வாளர்மாருக்கு முன்னால நிண்டு அத நிறுவணும். பிஎச்டிக்குள்ளயும் இன்டர்கல்ச்சுரல் ஸ்டடீஸ் வேற, இன்டர்கல்ச்சுரல் எஜுகேஷன் வேற. ரெண்டாவது, ஒரு பண்பாட்டில வளர்ந்தவர் இன்னொரு பண்பாட்டுக்காரருக்கு எப்பிடிப் படிப்பிக்கிறார், பிள்ளை எப்பிடிப் படிக்குது எண்டு பாக்கிறது. கலிபோர்னியா லா மிராடாவில இருக்கிற பயோலா பல்கலைக்கழகம் இந்தப் பேரிலயே பிஎச்டி நடத்தி வந்திருக்கு. உங்கட கடிதத்த வாசிச்ச அளவில உங்களுக்கு ஏத்தது இந்தப் பக்கம்தான், டிமிஸ் இல்ல.

மதம் மாத்துற படிப்பா எண்டு கேட்டா, இல்ல. 1965ல கலிபோர்னியாவில ஃபுல்லர் செமினரியில மிஷனுக்கெண்டே ஒரு பள்ளிய டொனால்ட் மெக்காவ்ரன் தொடங்கினவர், அவர் இந்தியாவில பிறந்து வளர்ந்த ஆள், அவருக்கு திருச்சபை எப்பிடி வளருது எண்டதுதான் பெரிய கேள்வி, அத நான் மறைக்கல்ல. ஆனா அதுக்குப் பிறகு மானிடவியலும் மொழியியலும் வரலாறும் உள்ள வந்து துறையே வேற மாதிரி ஆகிட்டு. போல் ஹீபர்ட் எண்டு ஒரு மானிடவியலாளர், அவரும் இந்தியாவில பிறந்தவர்தான். மேற்கில இருந்து வந்த மிஷனரிமார் மேல கடவுளயும் கீழ விஞ்ஞானத்தையும் வச்சிட்டு, நடுவில இருக்கிற ஆவி, கண்ணூறு, நேர்த்தி, சூனியம் இதெல்லாத்தையும் காணாம விட்டிட்டாங்க எண்டு 1982ல எழுதினவர். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆள பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு பகிடி பண்ணுற நாட்டில நமக்கு இத ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. இந்தப் படிப்பில பாதி, மிஷன் செய்த பிழையள ஆராயிறதுதான்.

உண்மையில என்ன கேப்பாங்க

ஒவ்வொரு இடமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை இதுதான். நல்ல புள்ளியோட ஒரு மாஸ்டர்ஸ். அதுக்குள்ள அல்லது அதுக்கு வெளியில வேதாகமமும் இறையியலும் ஓரளவு படிச்சிருக்கணும், அது உங்களிட்ட இருக்கு. மானிடவியலோ சமூக விஞ்ஞானமோ தொட்டிருந்தா நல்லம், இல்லாட்டி சேர்ந்த பிறகு கூடுதலா ஒண்டு ரெண்டு பாடம் எடுக்கச் சொல்லுவாங்க. வேற பண்பாட்டில வேலை செய்த அனுபவம். ஆங்கிலத்தில எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரை மாதிரிக்கு. ஆய்வு முன்மொழிவு. ரெண்டு மூணு சிபாரிசுக் கடிதம். ஆங்கிலப் பரீட்சை, டோஃபல் இல்லாட்டி ஐஈஎல்டிஎஸ்.

கிரேக்கமும் எபிரேயமும் வேதாகமத் துறையில பிஎச்டி செய்யிறவங்களுக்குத்தான் உயிர். உங்கட துறையில சாதாரணமா கேக்கிறது களத்து மொழி. தமிழ் உங்களிட்ட இருக்கு, ஆனா அம்பாறையில ஆய்வு செய்யிறதெண்டா சிங்களமும் வேணும் தங்கச்சி, கடையில சாமான் வாங்கிற சிங்களம் காணாது, ஒரு அம்மாவோட ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கிற அளவுக்கு வேணும். கிரேக்கத்துக்கு வச்சிருந்த கவலைய இதுக்கு மாத்துங்க.

இங்கிலீஷ், பரீட்சைக்குப் படிச்சு எடுக்கலாம். ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், அதால இப்பவே ஓடிப்போய் எழுதிக் காச வீணாக்காதீங்க, விண்ணப்பத்துக்கு முந்தின வருஷம் காணும்.

இனி பெரிய விஷயம். நம்மட நாட்டில எஸ்எல்கியூஎஃப் எண்டு தகைமைச் சட்டகம் ஒண்டு இருக்கு, 12 படி. மூணு வருஷப் பொதுப் பட்டம் 5, நாலு வருஷ ஹானர்ஸ் 6, பாடம் மட்டும் உள்ள மாஸ்டர்ஸ் 9, ஆய்வும் சேர்ந்த மாஸ்டர்ஸ் 10, எம்ஃபில் 11, பிஎச்டி 12. நீங்க 5ல இருந்து 9க்கு வந்து நிக்கிறீங்க, அதுவும் உங்கட எம்ஏய யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அங்கீகரிச்சிருந்தா. 9ல இருந்து 12க்குப் பாயிறதுதான் உங்கட பிளான். பாயலாம் எண்டு சொல்ற இடமும் இருக்கும், ஆனா ஒரு நாளும் 60, 70 பக்கத்துக்கு ஒரு ஆய்வ எழுதி முடிக்காத ஆள் 300 பக்கத்துக்கு எழுதப் போய் ரெண்டாவது வருஷத்தில குழம்பி நிக்கிறத நான் கன தரம் கண்டிருக்கிறன், திறமை இல்லாம இல்ல, பழக்கம் இல்லாம. அதால என்ட ஆலோசனை, முதல்ல ஆய்வேடு உள்ள ஒரு எம்ஃபில் அல்லது எம்டிஎச் (இறையியல் மாஸ்டர்ஸ்). கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணம், பேராதனையில இருக்கிற பட்டப்பின் மனிதப்பண்பியல் சமூக விஞ்ஞான நிறுவனம், இங்கயெல்லாம் கேளுங்க. வேலைய விடாம செய்யலாம். ரெண்டு மூணு வருஷம் போகுமே எண்டு யோசிப்பீங்க, ஆனா அந்த ஆய்வேடுதான் மறுகா உங்கட பிஎச்டிக்கு அத்திவாரம், சில நேரம் எம்ஃபில்லயே பிஎச்டியா உயர்த்திக் குடுக்கிற வழியும் இருக்கு.

கடிதத்தில மூணாம் பக்கம்

இத நீங்க பெரிசா எடுக்காம எழுதியிருக்கிறீங்க, எனக்கு அந்த இடத்தில பேனைய வச்சிட்டு இருக்க வேண்டியதாப் போச்சு. சமயப் பாடத்துக்கு மணி அடிச்சா வகுப்பில முப்பது சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலயே இருக்க, கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்பது பேர் மட்டும் புத்தகத்தையும் தண்ணிப் போத்தலையும் தூக்கிக்கொண்டு லைப்ரரி அறைக்கு நடப்பாங்க, ஒரு நாள் ஒரு சைவப் பிள்ளை வாசலில நிண்டு "டீச்சர், உள்ள நீங்க என்ன படிப்பிக்கிறீங்க, நான் கேக்கக் கூடாதா?" எண்டு கேட்டதா எழுதியிருக்கிறீங்க. நீங்க என்ன பதில் சொன்ன எண்டு எழுதல்ல.

அதுதான் உங்கட பிஎச்டி, தங்கச்சி. "இலங்கையில் கிறிஸ்தவ மிஷன்" எண்டு நீங்க கடைசிப் பக்கத்தில போட்டிருக்கிற தலைப்பு ஆருக்கும் வேணாம், அதுக்குள்ள நாடே அடங்கும். ஆனா ஒரே ஸ்கூலுக்குள்ள சமய நேரத்தில பிரிஞ்சு போற பிள்ளைகள் ஒருத்தரப் பத்தி ஒருத்தர் என்ன படிச்சுக்கொள்றாங்க, அத ஆரும் படிப்பிக்காமலே எப்பிடிப் படிச்சுக்கொள்றாங்க எண்ட கேள்விய ஒரு மேற்பார்வையாளரிட்ட குடுத்துப் பாருங்க, நிமிர்ந்து உக்காருவார்.

அதுக்குப் பின்னால வரலாறும் குவிஞ்சு கிடக்கு. 1814ல வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினவர், அடுத்த வருஷமே இங்கயே இறந்தும் போனவர், அந்த வேர்தான் இண்டைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி. காரைதீவுப் பிள்ளை ஒருத்தர் கல்முனையில மெதடிஸ்த பள்ளியில படிச்சு, மட்டக்களப்பில புனித மிக்கேல்ல கத்தோலிக்கப் பாதிரிமாரிட்ட படிச்சு, மறுகா ராமகிருஷ்ண மிஷன் துறவியா வந்து கல்லடியில சிவானந்த வித்தியாலயத்தக் கட்டினார், விபுலாநந்த அடிகள். மிஷன் பள்ளிக்கூடம் ஒண்டு நினைச்சுக் குடுத்தது என்ன, பிள்ளை எடுத்துக்கொண்டு போனது என்ன எண்டு கேக்கிறதுக்கு இத விட நல்ல ஆள் கிடைக்குமா? 1960, 61ல அரசு உதவி பெற்ற பள்ளிகள அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகு சேர்ச் வளவுக்குள்ள இருந்த பள்ளிக்கூடம் எல்லாம் எப்பிடி மாறினது எண்டது இன்னொரு கதை. மெதடிஸ்த மிஷனரிமார் அனுப்பின கடிதங்கள், அறிக்கைகள் லண்டனில சோவாஸ் எண்ட கல்லூரியின்ட ஆவணக் காப்பகத்தில இருக்கு.

வெளியில இருந்து வந்து நம்மளப் பத்தி எழுதினவங்க இருக்கிறாங்க. அக்கரைப்பற்றில தமிழர் முஸ்லிம்கள்ட குடி முறையப் பத்தி, அதாவது தாய் வழியா வாற குல முறையப் பத்தி, டெனிஸ் மக்கில்வ்ரே, மண்டூர்க் கோயிலப் பத்தி மார்க் விட்டேக்கர், ரெண்டு பேரும் மானிடவியலாளர். நல்ல வேலை, கட்டாயம் வாசிக்கணும். ஆனா லைப்ரரி அறைக்குப் போற அந்த ஒன்பது பிள்ளைகளோட நடந்து போற ஆள் அவங்க இல்ல, நீங்க.

அந்த 18 மாசப் பட்டம்

மாமாவப் பத்தி நான் ஒண்டும் குறைவாச் சொல்லல்ல, அவர் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார். அமெரிக்காவில சில மாநிலங்கள்ல சமய நிறுவனங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, அதால அங்கீகாரம் இல்லாமலே சமயப் பட்டம் குடுக்கலாம், அது அங்க சட்டத்துக்குப் புறம்பும் இல்ல. ஆனா சட்டப்படி குடுக்கிற பட்டம் எண்டதும் செல்லுபடியாகிற பட்டம் எண்டதும் ஒண்டில்ல. வெளிநாட்டுப் பட்டமெண்டா நம்மட யூஜிசி பாக்கிறது, அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின்ட உலக உயர்கல்விப் பட்டியல்லயோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள்ட பட்டியல்லயோ இருக்கா எண்டுதான். ரெண்டும் நீங்களே பாக்கலாம், காசு இல்ல. அமெரிக்க செமினரி எண்டா ஏடிஎஸ், ஆசியாவில எண்டா ஏடிஏ, இந்த இறையியல் கல்லூரிச் சங்கங்கள்ட அங்கீகாரம் இருக்கா எண்டும் பாருங்க. "சர்வதேச அங்கீகாரம் பெற்றது" எண்டு மட்டும் போட்டு ஆர் அங்கீகரிச்சது எண்டு போடாத இடம் எண்டா அந்தப் பக்கமே போகாதீங்க.

சேர்ச்சுக்குள்ள பேருக்கு முன்னால "கலாநிதி" எண்டு போட்டு நோட்டீஸ் அடிக்கிறதுக்கு அது காணும். உங்களுக்கு வேண்டியது அது இல்லயெண்டு கடிதத்திலயே விளங்குது.

எங்க செய்யலாம், எவ்வளவு இழுக்கும்

அமெரிக்கா: ரெண்டு மூணு வருஷம் பாடம், பிறகு பெரிய பரீட்சை, பிறகுதான் ஆய்வேடு, எல்லாம் சேர்த்து அஞ்சு வருஷமும் தாண்டும். எஃப்-1 எண்ட மாணவர் விசாவுக்கு முதல் வருஷக் கட்டணமும் செலவும் கையில இருக்கெண்டு காட்டணும், செவிஸ் எண்ட மாணவர் பதிவுக் கட்டணம் மட்டும் 350 டொலர். மகள் அங்க ஸ்கூலுக்குப் போகலாம், ஆனா எஃப்-2 எண்ட குடும்ப விசாவில வாற கணவர் வேலை செய்ய ஏலாது. வங்கி வேலைய விட்டிட்டு வந்து வீட்டில இருக்கிறதுக்கு அவர் சம்மதமா எண்டு அவரிட்டக் கேளுங்க. "அவர் ஒண்டும் சொல்ல மாட்டார்" எண்டு எழுதியிருக்கிறீங்க, ஒண்டும் சொல்லாம இருக்கிறது சம்மதம் இல்ல.

இங்கிலாந்து முறையில பாட வகுப்பு குறைவு, முன்மொழிவோட நேர ஆய்வுக்குள்ள போறது. ஒக்ஸ்ஃபோர்ட் மிஷன் ஆய்வு நிலையம் உங்களப் போல வேலையில இருக்கிறவங்களுக்கெண்டே பகுதிநேரமா நடத்தி வந்திருக்கு, ஊரில இருந்து ஆய்வு செய்திட்டு இடைக்கிட அங்க போய் வாறது, பட்டம் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து. குடும்பத்தப் பாத்தா உங்களுக்கு இதுதான் பொருந்தும் எண்டு நான் நினைக்கிறன். பெங்களூரில சயாக்ஸ் எண்ட இறையியல் கல்லூரி இருக்கு, செலவு குறைவு, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறைய. இந்தியாவில இறையியல் பட்டம் குடுக்கிற செரம்பூர் செனட் வழியில டிடிஎச் எண்ட இறையியல் டாக்டர் பட்டம் செய்யலாம், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்கும் அந்தத் தொடர்புதான், ஆனா அதுக்கு பிடி (இறையியல் இளமானி), எம்டிஎச் எண்டு படிப்படியா வந்திருக்கணும், உங்கட எம்ஏயோட நேர உள்ள போக ஏலாது.

காசுக்கு லாங்கம், ஸ்கொலர்லீடர்ஸ் போல புலமைப்பரிசில்கள் இருக்கு. அவங்க பாக்கிறது, படிச்சிட்டுத் திரும்பி வந்து உங்கட நாட்டில படிப்பிப்பீங்களா எண்டுதான். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு இறையியல் கல்லூரியோட தொடர்பு இருக்கிறதால, இப்பவே அங்க பகுதிநேரமா ஒரு பாடம் படிப்பிக்கக் கேளுங்க. அந்த ஒரு வரி விண்ணப்பத்தில நிறைய வேலை செய்யும்.

வேலையும் சட்டமும்

லெக்சரர் விஷயம் கொஞ்சம் கசப்பா இருக்கும், சொல்லாம விடவும் ஏலாது. அரச பல்கலைக்கழகத்தில தொடக்க நிலை விரிவுரையாளருக்கு சாதாரணமா நல்ல கிளாஸோட ஹானர்ஸ் பட்டம் கேப்பாங்க, பிஎச்டி இருந்தாலும் பொதுப் பட்டம் தடையா வந்து நிக்கும். இறையியல் கல்லூரியளும் ஆசிரியர் பயிற்சியும் பாடநூல் எழுதுற வேலையும் உங்களுக்குத் திறந்த கதவு. கேம்பஸ் வேலை ஒண்டுக்காக மட்டும் இதுக்குள்ள இறங்கிறதெண்டா வேணாம். லீவு எடுக்கிறதெண்டா வலயக் கல்விப் பணிமனையில எழுத்தில கேளுங்க, சம்பளத்தோட போனா திரும்பி வந்து சேவை செய்வன் எண்டு பிணை எழுத வேண்டி வரும், ஆர் பிணை நிக்கிற எண்டதையும் முதல்லயே யோசியுங்க.

ஸ்கூல்ல பிரச்சினை வருமா எண்ட பயம் நியாயமானது. அரசியலமைப்பில 10ம் உறுப்புரை சமய சுதந்திரத்தத் தருது, 14(1)(உ) வழிபடவும் போதிக்கவும் உரிமை தருது, ஆனா சமயத்தப் பரப்புறது அதுக்குள்ள அடிப்படை உரிமையா அடங்காது எண்டு 2003ல உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. நீங்க அரச ஊழியர், மற்றச் சமயப் பிள்ளைகளுக்கு முன்னால நிக்கிற ஆள். அதால ஆய்வு வேற ஊழியம் வேற எண்டு உங்கட முன்மொழிவிலயே தெளிவா இருக்கணும். அதோட நீங்க படிப்பிக்கிற பிள்ளைகள நீங்களே பேட்டி எடுக்காதீங்க, டீச்சர் கேட்டா எந்தப் பிள்ளையும் மாட்டன் எண்டு சொல்லாது, அது சம்மதமே இல்ல. வேற ஸ்கூல் எடுங்க, அதிபரிட்டயும் பணிமனையிலயும் எழுத்தில அனுமதி, பெற்றோரிட்ட கையெழுத்து, பிறகு பிள்ளையிட்டயும் கேளுங்க. பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழு பாஸ் பண்ணாம ஒரு பேட்டியும் வேணாம். 2022ல 9ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கு, அதில ஒருத்தர்ட சமய நம்பிக்கை விசேஷமாப் பாதுகாக்க வேண்டிய தகவல்.

2019 ஈஸ்டர் ஞாயிறு மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு மட்டக்களப்பு அம்பாறையில சமயம் பத்திக் கேள்வி கேக்கிறது முந்தி மாதிரி இல்ல. பிள்ளைய இழந்த தாயும் இருக்கிறா, ஒண்டும் செய்யாமலே சந்தேகத்தோட பாக்கப்பட்ட முஸ்லிம் டீச்சரும் இருக்கிறா, ரெண்டு பேரும் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. ரெக்கோடர ஓஃப் பண்ணச் சொன்னா ஓஃப் பண்ணிரணும், அதுக்குப் பிறகு கேட்டத எழுதக் கூடாது.

இப்ப என்ன செய்யிற

இந்த வருஷம் ரெண்டே வேலை. அந்த லைப்ரரி அறைக் கேள்விய வச்சு ரெண்டு பக்கத்தில ஒரு முன்மொழிவு, தமிழ்ல எழுதினாலும் பரவாயில்ல, எனக்கு அனுப்புங்க, மறுகா இங்கிலீஷ்ல போடுவம். மற்றது, உங்கட எம்ஏயின்ட பாட விபரத்தையும் புள்ளிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வந்தாறுமூலையிலயோ பேராதனையிலயோ எம்ஃபில்லுக்கு எடுப்பாங்களா எண்டு நேரில போய்க் கேளுங்க, போன்ல கேட்டா ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவாங்க.

சிபாரிசுக் கடிதத்துக்கு உங்கட பழைய விரிவுரையாளர் ஒருத்தர் இருக்கிறார், வாற வருஷம் கனடாவுக்குப் பிள்ளைகளிட்டப் போறார் எண்டு எழுதியிருந்தீங்க. அவர் போக முதல் போய்ப் பாருங்க, வெறுங்கையோட போகாம அந்த ரெண்டு பக்கத்தையும் கொண்டு போங்க, ஈமெயில் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு வாங்க.